பரிபாடலின் கோள்நிலையும் காலக்கணிப்பும்

பரிபாடலின் பதினோராம் பாடல் நல்லந்துவனார் இயற்றியது. வையை பெருகிய காலத்துக் கோள்நிலையை அது விரித்துரைக்கின்றது. அந்நிலையைக் கணித்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, அது குறிக்கும் நாள் கி. பி. 634 யூன் 17 என முடிவு கூறினார். அம்முடிவைப் பற்றுக்கோடாகக் கொண்டு நூலைப் பிற்காலத்ததென்றோரும், அதனை மறுத்தோரும் உளர். இவ்விவாதத்தில் முதற்கண் எழவேண்டிய வினா ஒன்றுண்டு: பாடல் கூறுவது கண்டறிந்த வானமா, கருதி அமைத்த வானமா?

பாடலிற் கோள்கள் பலவும் வேறு பெயர்களால் சுட்டப்பெறுகின்றன. படிமகன் செவ்வாய், புந்தி புதன், அந்தணன் வியாழன், யமன் சனி. செவ்வாய் மேடத்திலும், வெள்ளி இடபத்திலும், புதன் மிதுனத்திலும், வியாழன் மீனத்திலும், சனி மகரத்திலும் நிற்கின்றன. ஐந்தும் தத்தம் ஆட்சி வீடுகளிலேயே அமைந்திருத்தல் ஐயத்துக்கு இடந்தருகின்றது.

விடியலிற் கார்த்திகை உயர்ந்து நின்றது என்பதும் பாடற் செய்தி. அது உச்சிவானைக் குறிப்பதாயின், ஞாயிறு ஏறத்தாழச் சிங்கத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் ஞாயிற்றினின்று புதன் 28 பாகைக்கு மேலும், வெள்ளி 47 பாகைக்கு மேலும் விலகா. வெள்ளி நள்ளிரவில் உச்சிவானிற் காணப்படாமையைப் புளியந்தீவின் வாவிக்கரையில் நிற்போரும் அறிவர். ஞாயிறு சிங்கத்திலிருக்கப் புதன் மிதுனத்திலும் வெள்ளி இடபத்திலும் நிற்றல் இயலாது. 'உயர்ந்து' என்பதற்குச் சற்றே உயர்ந்த நிலை எனப் பொருள்கொண்டால் முரண் நீங்கும். ஆயின் கணிப்பின் திட்பமும் உடன் நீங்கும்.

மேலும், சனி ஏறத்தாழ 29½ ஆண்டுகளிலும் வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும் வான்வட்டத்தைச் சுற்றுகின்றன. ஆதலின் இவ்விரண்டின் இதே நிலை அறுபது ஆண்டுக்கொருமுறை மீள்கின்றது. ஒரே நாளைத் தெரிந்தெடுக்க ஏனைய கோள்களையும் சந்திர கிரகணத்தையுமே நம்பவேண்டும். அவையோ புலவன் மங்கலங் கருதி அமைத்தனவாகவும் இருக்கலாம்.

எனவே இப்பாடல் தரும் உறுதியான வரலாற்றுச் சான்று நாளன்று. இராசி மண்டல அறிவேயாம். பன்னிரு இராசிப் பகுப்பு கிரேக்கத் தொடர்பினால் கிறித்து ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் இந்தியாவிற் பரவியது. அதனைத் தமிழ்ப் புலவன் தன் மொழியில் இயல்பாக ஆள்கின்றான். தமிழர் அறிவு தனித்து மூடிக்கிடந்ததன்று என்பதற்கு இது சான்றாகும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில், பழந்தமிழ் இசைக் குறிப்புகளைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். அத்தகைய துணிவு வானியலாய்விலும் வேண்டும். நூலின் தொன்மை நம் விருப்பத்தாலோ வெறுப்பாலோ தீர்மானிக்கப்படுவதன்று. கோள்களின் இயக்கம் எப்பக்கமும் சாய்வதில்லை.