காளையும் கம்பனி முத்திரையும்

இலச்சினையை மதிப்பிட அழகு ஒன்றே அளவுகோலாகாது. பார்த்த கணத்தில் அது பின்புலத்திலிருந்து பிரிந்து தெரிகிறதா? தேய்ந்தாலும் சிறுத்தாலும் அடையாளம் நிலைக்கிறதா? பல ஊர்களில் பல கைகள் செதுக்கினாலும் அது ஒன்றாகவே இருக்கிறதா? யாழ்ப்பாணத் தீவகத்தில் இக்கேள்விகள் விளம்பரத் தொழிலுக்கு வெகுகாலம் மூத்தவை. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளுக்குக் காப்பு அளிக்கிறது. உடைந்த கப்பல் யானையும் குதிரையும் ஏற்றி வந்ததென்றால் அரசுக்குக் காற்பங்கு, வணிகச் சரக்கென்றால் அரைப்பங்கு என்றும் விதிக்கிறது. பல மொழியாளர் கூடும் இத்தகைய துறையில், காசு யாருடையது, சரக்கு யாருடையது என்பதைக் கண்ணே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இக்கடலில் புழங்கிய இரண்டு குறிகள் ஒப்பிடத் தக்கவை. ஒன்று, யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசில் உள்ள காளை. மற்றது, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கூட்டெழுத்து. இவற்றை அளக்கக் காட்சி உளவியலின் விதிகள் உதவும். உளவியலாளர் எட்கார் ரூபின் உரு–பின்புல உறவை ஆராய்ந்தது 1915இல். மாக்ஸ் வெர்த்தைமர் நெருக்கம், ஒப்புமை, தொடர்ச்சி, நிறைவு என்று காட்சித் தொகுப்பின் விதிகளை வகுத்தது 1923இல். இந்த விதிகளைப் பழைய செதுக்குநர்கள் மேல் ஏற்றுவது காலவழு என்று சொல்லப்படலாம். அவர்களுக்குக் கோட்பாடு தெரிந்திருந்தது என்பது என் வாதமல்ல. செம்பும் உளியும் எவற்றை அனுமதித்தன, எவற்றைத் தண்டித்தன என்பதைச் சொல்ல இவ்விதிகள் பொருத்தமான மொழி தருகின்றன, அவ்வளவே.

முதலில் காளை. சேதுக் காசின் ஒரு வகையில் ஒரு பக்கம் விளக்குகளுக்கு நடுவே நிற்கும் மனித உரு; மறுபக்கம் படுத்த காளை, மேலே பிறை, கூடவே 'சேது' என்ற எழுத்து. காளையைப் பக்கவாட்டில் காட்டியது சரியான முடிவு. திமில், கொம்பு, மடித்த கால் ஆகிய மூன்றையும் ஒரே புறக்கோடு தாங்குகிறது. உள்விவரம் அழிந்தாலும் திமிலின் வளைவு அடையாளம் சொல்லும். சைவ நாட்டில் நந்தியை அறியாத கண் இல்லை என்பதால், பார்ப்பவர் குறையை நினைவால் நிரப்பிக்கொள்வார். ஆனால் அதே பரிச்சயம்தான் அதன் பலவீனமும். காளை பல்லவர் முதல் பலர் கையாண்ட பொதுச் சொத்து. தனித்துவம் முழுவதையும் எழுத்தே சுமக்க வேண்டியதாயிற்று. அந்த எழுத்தோ இராமநாதபுரத்துச் சேதுபதிகளையும் நினைவூட்டுவது. இவை யாழ்ப்பாண அரசரின் காசுகளே என்று சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் கட்டுரை எழுதி நிறுவ வேண்டியிருந்தது. உடையவரைச் சொல்ல ஆய்வாளர் தேவைப்படும் குறியை முழு வெற்றி என்று ஏற்க இயலாது. அமைப்பிலும் ஒரு குறை உண்டு. காளை, பிறை, எழுத்து என்ற மூன்றும் அருகருகே இருப்பதால் மட்டுமே ஒரு தொகுதியாகத் தோன்றுகின்றன. ஒன்றை ஒன்று பற்றிப் பிணைக்கவில்லை. அச்சுக்கு அச்சு செதுக்குநரின் கை மாறினால் காளையும் மாறும்.

1602இல் தொடங்கிய கம்பனியின் குறியில் பிணைப்பே உயிர். பெரிய 'வி', அதன் இடக் கையில் 'ஓ', வலக் கையில் 'சி'. மூன்று எழுத்தும் ஒரே உடலாகிவிட்டன. 'ஓ' மூடியது, 'சி' திறந்தது; எனவே சமச்சீர் கிட்டத்தட்ட நிறைகிறது, முழுதாக நிறையவில்லை. எதிரே உள்ள 'ஓ'வைப் பார்த்த கண் 'சி'யின் திறப்பையும் அரைகுறையாக மூடிக்கொள்கிறது. குறையும் உண்டு: இடமிருந்து வலமாகப் படிப்பவர் முதலில் 'ஓ'வைத்தான் சந்திப்பார். 'வி'யின் பருமன் அந்த வரிசையை மீறித் தன்னை முன்னிறுத்துகிறது. உருவளவு வாசிப்புத் திசையை வென்ற இடம் இது. உரோம எழுத்து அறியாத தீவகத்தாருக்கும் அது ஒரு வடிவமாக நின்றிருக்கும் என்பதே அதன் வலிமை. 1726 முதல் அடிக்கப்பட்ட செப்பு துயித்துக் காசில், கீழே ஆண்டு இலக்கத்தோடு, இக்குறி சுமார் 2 செ.மீ. வட்டத்துக்குள் தடுமாறாமல் அமர்ந்தது.

இன்னும் பெரிய சாதனை அதன் இலக்கணம். 'வி'யின் விரிந்த வாய்க்கு மேலே ஓர் எழுத்து ஏறும்: கம்பனியின் கிளைச் சபைகளில் ஆம்ஸ்டர்டாம் சபைக்கு 'ஏ', டெல்ஃப்ட் சபைக்கு 'டி', ரொட்டர்டாம் சபைக்கு 'ஆர்'. இலங்கையில் அடித்த காசுகளில் கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ'. அடிப்படை மாறாது, உறுப்பு மட்டும் மாறும். இன்றைய நிறுவனங்கள் கையேடு அச்சிட்டு வற்புறுத்தும் ஒழுங்கு இதுவே. அதே சபை நகரங்களின் பெயர்களைத்தான் ஒல்லாந்தர் தீவுகள் சிலவற்றுக்கும் சூட்டினர்: காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். அந்த இடங்களில் குறியும் நிலப்படமும் ஒரே பட்டியலிலிருந்து நிரப்பப்பட்டன.

இங்கே ஒரு கழிவு தேவை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட கம்பனியின் குறி நினைவில் தங்கியதற்கு வடிவம் மட்டும் காரணமல்ல. வரியும் ஏகபோகமும் அதைத் திரும்பத் திரும்பக் கையில் திணித்தன. அதிகாரம் பழக்கியதை வடிவத்தின் வெற்றியாக வரவு வைக்கும் வடிவமைப்பு வரலாறுகள் கணக்கில் பிழை செய்கின்றன. காட்சி விதிகள் தெளிவை விளக்கும், பற்றை விளக்கா. காளை மேல் மக்களுக்குப் பற்று இருந்தது, தெளிவு குறைந்தது. கம்பனிக் குறியில் தெளிவு இருந்தது, பற்றுக்கு இடமே இல்லை.

பின்வந்தவர்கள் இவ்விதிகளை அறிந்தே கையாண்டனர். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் 1971இல் ஸ்டேட் பாங்க் ஒஃப் இந்தியாவுக்கு வரைந்த நீல வட்டத்தில் உள்ளே வெட்டிய வெற்றிடமே உரு ஆகிறது. சேர்ப்பதைவிட நீக்குவது கடினம் என்பதற்கு அது சான்று.

அந்தப் பாடம் தீவகத்தின் இன்றைய இலச்சினைகளை எட்டவில்லை. சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், புலம்பெயர் ஊர் ஒன்றியம், எதுவாயினும் வார்ப்பு ஒன்றே: ஒரு வட்டம், ஓரத்தில் சுற்றி ஓடும் பெயர், உள்ளே பனை, படகு, கடல், உதயசூரியன், ஏடு, குத்துவிளக்கு. நெடுந்தீவென்றால் குதிரையும். இவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு: ஊரார் எல்லோரும் தம்முடையதை அதில் காண வேண்டும் என்ற சமரசம். விழாப் பதாகையில் அது நடக்கும். வாட்ஸப் குழுவின் முகப்புப் படமாகும்போது நடக்காது. கைப்பேசித் திரையில் அதற்குக் கிடைக்கும் இடம் துயித்துக் காசைவிடச் சிறியது. பொருள்கள் எல்லாம் ஒரே சம அளவில் போட்டியிட, எது உரு, எது பின்புலம் என்ற பிரிவே கரைகிறது.

தீர்ப்பு இது. இலச்சினையாகக் கம்பனிக் குறியே முதலிடம் பெறும். பிணைப்பிலும் முறைமையிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் புகழில் ஒரு பங்கு ஆட்சிக்குச் சேரவேண்டியது. சேதுக் காளை இரண்டாமிடம்: உருவில் சிறந்தது, தனித்துவத்தில் தளர்ந்தது. இன்றைய வட்டங்கள் பட்டியல்கள். இலச்சினை என்ற தகுதியை அவை இன்னும் பெறவில்லை. நெடுந்தீவுக்கு ஒரு குதிரையின் புறக்கோடு போதும். மற்ற ஆறையும் நீக்கச் சம்மதிக்கும் செயற்குழு கிடைத்தால், வடிவமைப்பாளரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.