நாற்காலியும் குறியீடும்

ஓவியத்தில் ஆளில்லாத நாற்காலி தென்பட்டதும் மரணம், தனிமை, இல்லாமை என்று ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குறியீட்டைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி ஓவியம் எதற்கு? இந்த சௌகரியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

வான் கோ 1888 நவம்பரில், ஆர்ல் நகரில், இரண்டு நாற்காலிகளைத் தீட்டினார். ஒன்று அவருடையது: கைகளில்லாத, கோரை பின்னிய, சாதாரண மர நாற்காலி. மஞ்சள் நிறம், சிவப்பு ஓடு பாவிய தரை, பகல் வெளிச்சம். பின்னாலிருக்கும் வெங்காயப் பெட்டியின் மேல் 'வின்சென்ட்' என்று கையெழுத்து. மற்றது, அதே வீட்டில் அவருடன் தங்கியிருந்த காகினுடையது: கைவைத்த நாற்காலி. அதன்மேல் இரண்டு நாவல்கள், எரியும் மெழுகுவர்த்தி. சிவப்பும் பச்சையுமாக இரவு. இன்று முதலாவது லண்டனிலும் மற்றது ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கின்றன.

இவை பிரிவின் சித்திரங்கள் என்பது எல்லோரும் ஒப்பிக்கும் பாடம். ஆனால் இவற்றைத் தீட்டத் தொடங்கியபோது பிரிவு நேர்ந்திருக்கவில்லை. அக்டோபர் 23இல் வந்த காகின், டிசம்பர் 23 இரவு வான் கோ தன் காதை அறுத்துக்கொண்ட பிறகே ஊரைவிட்டுப் போனார். நவம்பரில் தம்பி தியோவுக்கு எழுதும்போது வான் கோ இவ்விரண்டையும் சற்று வேடிக்கையான படங்கள் என்றுதான் குறிப்பிடுகிறார். நிறத்தையும் பொருள்களையும் வேளையையும் சொல்வதோடு சரி. 'காலி' என்ற பேச்சு 1889 ஜனவரிக் கடிதத்தில் வருகிறது. அப்போது தன் நாற்காலிப் படத்தில் மறுபடியும் வேலை செய்துகொண்டிருந்தார். புகைக்குழாயும் புகையிலைப் பையும் அந்தக் கடிதத்தில் இடம்பெறுகின்றன. 1890 பிப்ரவரியில் விமர்சகர் ஓரியேவுக்கு எழுதும்போதுதான், காகினின் காலியிடத்தைத் தீட்ட முயன்றதாகச் சொல்கிறார்.

ஆக, நாற்காலி முன்னால் வந்தது. குறியீடு பின்னால் வந்து அதில் உட்கார்ந்தது. பின்னால் சொன்னது பொய்யென்று நான் சொல்லவரவில்லை. கோரையின் இழையையும் கால்கள் தரையில் ஊன்றியிருக்கும் விதத்தையும் அத்தனை ஸ்தூலமாகப் பார்த்திருந்ததால், பிறகு நேர்ந்த இழப்பின் கனத்தை அந்த நாற்காலிகளால் தாங்க முடிந்தது.

இதற்கு எதிர்முனையில் லூக் ஃபைல்ட்ஸின் ஓவியம். 1870 ஜூனில் டிக்கன்ஸ் இறந்ததும், அவரது எழுத்தறையையும் அதில் காலியாக நிற்கும் நாற்காலியையும் அவர் வரைந்தார். 'தி கிராஃபிக்' அதே வருஷக் கிறிஸ்துமஸில் அதை அச்சிட்டது. வான் கோவே அதைப் போற்றியவர். ஆயினும் டிக்கன்ஸின் பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நன்றாக வரையப்பட்ட ஓர் அறை. துக்கம் பார்ப்பவன் கையோடு கொண்டுவந்தது.

1965இல் ஜோசஃப் கோஸுத் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அகராதியில் அச்சொல்லுக்கான விளக்கம் மூன்றையும் அருகருகே வைத்தார். அங்கே எந்த நாற்காலியும் சரிதான், எண்ணம்தான் படைப்பு. பொருளின்மேல் நம்பிக்கை இல்லை என்பதை அது ஒளிக்கவில்லை.

நம் கவிதைகளில் வரும் காலி நாற்காலிகளுக்கு அந்த நேர்மைகூட இல்லை. கோரையா, பிரம்பா, மடக்கு நாற்காலியா என்று எழுதியவருக்கே தெரியாது. 'வெறுமை' மட்டும் தெரியும். கணக்கில் பணமில்லாமல் எழுதிக் கொடுத்த செக் அது. விமர்சகர்களும் கணக்கைப் பார்க்காமலே பாஸ் செய்துவிடுகிறோம். அடுத்த முறை கவிதையில் ஒரு நாற்காலி வந்தால், அது எதைக் குறிக்கிறது என்று கேட்கும் முன், அதில் ஒருவர் உட்கார முடியுமா என்று பார்ப்போம்.