கோழிக்குஞ்சுக்குப் பின்னால் ஒளிந்தவரா?

குழந்தைகளுக்கு எழுதுறதுன்னா லேசு என்று நம்மில் பலர் வெளியே சொல்லாமல் நினைக்கிறோம். நானும் அப்படித்தான். செக் கவிஞர் ஃப்ரான்டிஷேக் ஹ்ருபீனை வாசிக்கத் தொடங்கியபோது அவருடைய சிறுவர் பாடல்களைத் தள்ளிவைத்துவிட்டு, நேராகப் 'பெரிய' கவிதைகளுக்குப் போனேன். அது தப்பு என்று புரியக் கொஞ்ச நாளானது.

1910இல் ப்ராகில் பிறந்தவர். பால்யத்தின் பெரும்பகுதி சாசவா நதிப் பக்கம் உள்ள லெஷானி கிராமத்தில் கழிந்தது. 1945இல் சிறுவர்களுக்காக 'மதெர்ஷீதோவ்ஷ்கா' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். அது ஒரு காட்டுச் செடியின் பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே அம்மாவும் ஆன்மாவும் இருக்கிறார்கள்.

1948இல் அவருடைய 'ஹிரோஷிமா' நெடுங்கவிதை வந்தது. அதே வருடம் பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது. கவிதையில் அவநம்பிக்கை அதிகம் என்று விமர்சகர்கள் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு சில வருடங்கள் ஹ்ருபீன் பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான் எழுதினார். யிர்ஷி ட்ரின்காவின் ஓவியங்களோடு வந்த அந்தப் புத்தகங்களில் பல தலைமுறைகள் வளர்ந்தன.

அப்படியென்றால் ஒளிஞ்சுக்கிட்டாரா? கேள்வி நியாயமானது. சகக் கவிஞர் யிர்ஷி கோலார்ஷ் தன் கையெழுத்துப் பிரதிக்காகச் சிறைக்கே போனார். ஹ்ருபீனின் புத்தகங்களோ அச்சாகிக்கொண்டிருந்தன. இதை மழுப்பிவிட்டு அவரைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

ஆனாலும் அந்தப் பாடல்களைத் திரும்பப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அவருடைய பிரபலமான பாடலொன்றில், தோட்டத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே வழிதவறிய கோழிக்குஞ்சு, கால் வலித்து அழுகிறது. இதை அரசியல் குறியீடாக நான் வாசிக்கவில்லை. குஞ்சு குஞ்சுதான். ஆனால் எல்லாக் கவிதையும் 'நாம்' என்று உரக்கப் பேச வேண்டியிருந்த காலம் அது. தனியாக ஒன்று தொலைந்துபோய் அழலாம், அதன் பயத்துக்குக் காது கொடுக்கலாம் என்பதற்குச் சிறுவர் பாடலில்தான் இடம் மிச்சமிருந்தது. கவிஞர் அங்கே தன் செவியைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

காப்பாற்றியதை அவர் பயன்படுத்தவும் செய்தார். 1956 ஏப்ரலில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில், பின்னாளில் நோபல் பெற்ற யாரோஸ்லாவ் சைஃபெர்ட்டும் ஹ்ருபீனும் எழுந்து, வாயடைக்கப்பட்ட எழுத்தாளர்களுக்காகப் பேசினார்கள். கோலார்ஷுக்காகவும் ஹ்ருபீன் பேசினார். ஒளிந்துகொண்டே இருக்க விரும்பியவர் செய்கிற வேலை இல்லை அது.

1962இல் 'ஃப்ளூகல்ஹார்னுக்கான காதல் பாடல்' வந்தது. சாகக் கிடக்கும் தாத்தா, குடைராட்டினக்காரரின் மகள் மேல் காதல் கொண்ட பேரன். மரணமும் முதல் காதலும் ஒரே கோடையில். ஒட்டகார் வாவ்ரா பின்னர் இதைப் படமாக்கினார். இந்தக் கவிதையின் எளிமையைப் பார்க்கும்போது, நான் தள்ளிவைத்த அந்தச் சிறுவர் பாடல்களில்தான் அவர் இதற்குப் பழகியிருக்கிறார் என்று தோன்றுகிறது. சுற்றி வளைக்காமல் சொல்வது, பயத்துக்குப் பெரிய வார்த்தை தேடாமல் இருப்பது. குழந்தைகிட்ட கதையளந்தா எழுந்து போயிடும், இல்லையா?

1971இல் ஹ்ருபீன் இறந்தார். கோலார்ஷின் சிறையை ஹ்ருபீனின் பாடல்கள் ஈடுகட்டாது. அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த இருண்ட வருடங்களை அவர் வீணடித்தார் என்று யாராவது சொன்னால், இப்போது நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் அந்தக் கோழிக்குஞ்சைப் படிச்சிட்டு வாங்க என்பேன்.