பெயருக்கு 37 நாள், எண்ணுக்கு ஓர் ஓட்டு

பெரம்பூர் பின்னி ஆலையை நடத்தியது வெள்ளைக்காரக் கம்பெனி. அதன் தொழிலாளர்களைக் கொண்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத் தலைவர் வாடியா மீது கம்பெனி வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் தேவையை உணர்த்தியது அந்த வழக்குதான். கொழும்பிலும் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர்கள் 1933இல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பின்னி மூடிவிட்டது. வேலை ஸ்ரீபெரும்புதூருக்கும், கடலுக்கு அப்பால் இலங்கையில் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் போனது. சங்கம் மட்டும் கூடவே போகவில்லை.

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதல் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என்றது நிர்வாகம். நடுவே, தானே ஏற்றுக்கொண்ட ஒரு தொழிலாளர் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டது. போராட்டப் பந்தலில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பதிவு கிடைத்தாலும், சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை.

இலங்கைச் சட்டம் அதைவிட ஒரு படி மேலே. 40 விழுக்காட்டினர் உறுப்பினராக உள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையை நிரூபிக்க வாக்கெடுப்பு நடக்கும். கிராமத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கித் தைக்கும் பெண், மேற்பார்வையாளர் பார்த்திருக்க ஓட்டுப் பெட்டிக்குப் போக வேண்டும். 2003இல் வலயத்து ஆலை ஒன்றின் சங்கத்துக்காக நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் 17 பேர் மட்டுமே. வேலை செய்தவர்களோ நூற்றுக்கணக்கில். சில மாதங்களில் அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கித் தந்தது சட்டமல்ல, அங்கே சட்டை தைத்து வாங்கிய வெளிநாட்டு பிராண்டுகளின் நெருக்குதல்.

சங்கத்துக்குப் பதிலாக, வலயத்தை நடத்தும் முதலீட்டுச் சபை ஆலைகளில் ஊழியர் சபைகளை வைத்தது. மனுக் கொடுக்கலாம், பேசலாம். 2011இல் தனியார்துறை ஓய்வூதிய மசோதா வந்தபோது அந்தச் சபைகள் எதற்கும் உதவவில்லை. அந்த மசோதாவை எதிர்த்துத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற 21 வயது இளைஞர் இறந்தார். அந்தப் போராட்டத்துக்குப் பிறகே அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது.