லேப் ஸ்டீல் கிட்டாரில் ரெசனேட்டர் ஒலி: கார்வையும் நாதமும்

மின்சார லேப் ஸ்டீல் கிட்டாரும் ரெசனேட்டர் கிட்டாரும் மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிக்கப்படுபவை. வாசிக்கும் முறை ஒன்றாக இருந்தும் ஒலி வேறு. முதலாவதில் இரண்டாவதன் ஒலியைக் கொண்டுவரப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றை மதிப்பிடும் இக்கட்டுரை, நம் கோட்டுவாத்தியத்துக்கு இதில் உள்ள பாடத்தையும் சுட்டுகிறது.

பின்னணி

இசைக்குழுக்களில் மற்றக் கருவிகளின் ஓசையில் கிட்டார் அமுங்கிப்போன காலம் அது. ஹவாய் பாணிக் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் உரத்த கிட்டார் ஒன்றைக் கேட்க, ஜான் டோப்பியரா கிட்டாரின் உடலுக்குள் மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகளைப் பொருத்தினார். 1927இல் நேஷனல் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டோப்பியரா சகோதரர்கள் ஒற்றைக் கூம்புள்ள டோப்ரோவை உருவாக்கினர். அதே பீச்சம் 1931இல் மின்காந்தப் பிக்கப் கொண்ட லேப் ஸ்டீல் கிட்டாரை வடிவமைத்தார். 1932இல் ரிக்கன்பேக்கர் வழியாக விற்பனைக்கு வந்த அது, வடிவத்தால் ‘வறுசட்டி’ என்று பெயர் பெற்றது. ஒலியைக் கூட்ட வந்த கூம்பின் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. ஆனால் கூம்பு தந்த குரலை அதனால் தர இயலவில்லை.

காரணம்

கல்வராயன் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தியபோது ஆண்டுதோறும் செய்து காட்டிய சோதனை இதை விளக்கும். தட்டிய இசைக்கவையைக் கையில் பிடித்தால் ஒலி மெல்லியது, ஆனால் நெடுநேரம் நீடிக்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் வகுப்பின் கடைசி வரிசை வரை கேட்கும், ஆனால் விரைவில் அடங்கும். மேசை புதிய ஆற்றலைத் தருவதில்லை. இருக்கும் ஆற்றலை வேகமாகக் காற்றுக்குக் கடத்துகிறது.

ரெசனேட்டரின் கூம்பு அந்த மேசை. ஒலி பளிச்சென்று எழுந்து சீக்கிரம் தேய்கிறது. லேப் ஸ்டீலின் கனத்த கட்டை உடல், கையில் பிடித்த கவை. அதில் ஆற்றல் தந்தியிலேயே தங்குவதால் கார்வை நீளும். ஆகவே ரெசனேட்டர் ஒலி வேண்டுவோர் முதலில் கார்வையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வழிகளின் மதிப்பீடு

*கை:* பாலத்துக்கு அருகே, உலோக விரல்நகங்களால் மீட்டுவது; ஒவ்வொரு சுரம் முடிந்ததும் உள்ளங்கையால் தந்தியை அடக்குவது; டோப்ரோ வாசிப்போர் வழக்கப்படி ஜி, பி, டி, ஜி, பி, டி எனச் சுருதி கூட்டுவது. செலவில்லாத இவ்வழியே பாதி தூரம் கொண்டுசேர்க்கும்.

*ஆம்ப்ளிஃபயர்:* கீழ்ச்சுருதி ஒலியைக் குறைத்து நடுப்பகுதியைச் சற்று உயர்த்தினால் ரெசனேட்டரின் மூக்கொலி ஓரளவு கிடைக்கும். உறுமலும் நீண்ட எதிரொலியும் ஆகா. இரண்டும் குறைத்த கார்வையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

*பெடல்:* உண்மையான கருவியை மைக்கில் பதிவுசெய்து, அதன் ஒலிச்சாயலைக் கணிப்பொறி முறையில் ஏற்றும் பெட்டிகள் உள்ளன. டோப்ரோ கலைஞர் ஜெர்ரி டக்ளஸ் பெயரில் ஃபிஷ்மன் நிறுவனம் வெளியிட்ட பெடல் அவ்வகை. ஆனால் அது பிக்கப் பொருத்திய ரெசனேட்டருக்கு, மேடையில் அது இழக்கும் குரலைத் திருப்பித்தரச் செய்யப்பட்டது. இல்லாத கூம்பை லேப் ஸ்டீலுக்குள் வைக்க எந்தப் பெட்டியாலும் ஆகாது. கை மாறாமல் பெட்டியை மட்டும் வாங்குவோருக்குக் கிடைப்பது ரெசனேட்டரின் நிறம் பூசிய லேப் ஸ்டீல்தான்.

கோட்டுவாத்தியம்

சித்திரவீணை எனவும் வழங்கும் கோட்டுவாத்தியம் மெட்டுகள் இல்லாதது. உருளைக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கப்படுவது. அதன் குடம்தான் அதற்கு மேசை; பரிவுத் தந்திகளும் உடன் ஒலிக்கின்றன. இங்கு தேவை வேறு: கமகத்துக்குக் கார்வை நீள வேண்டும், நாதமும் குடத்திலிருந்து வர வேண்டும். மரபான கருவி இரண்டையும் ஓர் அளவில் சமன்செய்கிறது.

கச்சேரி மேடையில் அந்தச் சமன் கெடுகிறது. மைக் ஊளையிடும் என்று அஞ்சி, கருவியின் உடலில் ஒட்டும் மைக்கை மட்டும் நம்புகிறார்கள். ஒலியும் கார்வையும் கூடுவதால் வாசிப்பவருக்கு இது வசதி. கடைசி வரிசையில் இருப்பவர் கேட்பதோ பெரும்பாலும் தந்தியை மட்டும். குடம் காற்றில் எழுப்பும் ஒலி அவரை எட்டுவதில்லை. லேப் ஸ்டீல்காரர் கூம்பைத் தேடிப் பணம் செலவழிக்கிறார். நாமோ இருக்கும் குடத்தை ஊமையாக்கப் பணம் கொடுக்கிறோம்.

முடிவு

கார்வை வேறு, நாதம் வேறு. லேப் ஸ்டீல் வாசிப்பவர் கையை முதலில் மாற்றி, பெட்டியைக் கடைசியில் வாங்கட்டும். கோட்டுவாத்தியத்துக்கு ஒலியமைப்போர், ஒட்டு மைக்கோடு குடத்தின் முன் சாதாரண மைக் ஒன்றையும் வைத்து, இரண்டையும் கலந்து, ஊளை எழாத அளவுக்கு ஒலியைக் குறைக்கட்டும். சபை சற்றே காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் அப்போது அது கேட்பது கருவி முழுவதையும்.