புள்ளி தொலைத்த கம்பம்: பழைய வேர்ட்பிரஸ் தளத்தை ஏற்றிப் பார்த்த அனுபவம்

கம்பத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 2007இன் தொடக்கத்திலிருந்து ஓர் இணையதளம் நடத்துகிறார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை எந்த வருஷம் எப்போது திறந்தார்கள், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் எப்படி நடக்கிறது, பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போடுவது எப்படி, சுருளி அருவியில் கூட்டம் குறைவான நாட்கள் எவை என்று எழுநூறு பதிவுகளுக்குக் கிட்ட எழுதியிருக்கிறார். இந்த வட்டாரத்தில் இணையத்தில் எழுதுவது புதிதல்ல. தேனியிலிருந்து ‘முத்துக்கமலம்’ இணைய இதழ் 2006 முதல் வருகிறது. வாத்தியாரும் ஏறக்குறைய அந்தக் காலத்து ஆள்தான்.

சில மாதங்களுக்கு முன் அவருடைய ஹோஸ்டிங் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. பழைய பிஎச்பி 5.6ஐ சர்வரிலிருந்து எடுக்கப்போகிறார்களாம்.

“தம்பி, என்னமோ வெர்ஷனு போட்டிருக்கான். வீட்டைக் காலி பண்ணுங்கிற மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாரு” என்றார்.

போய்ப் பார்த்தேன். டாஷ்போர்டின் வலது கீழ்மூலையில் 3.5 என்று இருந்தது. அது 2012 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ். நான் ஏற்ற வேண்டியது 6.8க்கு. இடையில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்.

மீட்டர் கேஜும் அகலப்பாதையும்

தேனிக்காரர்களுக்கு இந்த வேலையை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: அகலப்பாதை. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 இறுதியில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். பழைய தண்டவாளத்தில் புது ரயில் ஓடாது, புதுத் தண்டவாளத்தில் பழைய ரயில் ஓடாது.

வேர்ட்பிரஸ் ரயில் என்றால் அது ஓடும் தண்டவாளம் பிஎச்பி. வேர்ட்பிரஸ் 3.5 தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்தும் பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளை பிஎச்பி 7 (2015 டிசம்பர்) அடியோடு நீக்கிவிட்டது. அதனால் புது பிஎச்பியில் 3.5ஐ வைத்தால் ஒரு வரிப் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். மறுபக்கம், 6.8க்குக் குறைந்தபட்சம் பிஎச்பி 7.2.24 வேண்டும். பழைய சர்வரில் அதை ஏற்றவும் முடியாது.

நடுவில் ஒரு ஜங்ஷன் இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த வேர்ட்பிரஸ் 6.2, பழைய பிஎச்பி 5.6இலும் ஓடும், புதியதிலும் ஓடும். அடுத்து வந்த 6.3 அந்தக் கதவை மூடிவிட்டது. எனவே என் வழித்தடம் இது: பிஎச்பி 5.6இல் 3.5இலிருந்து 4.9, அங்கிருந்து 6.2. பிறகு பிஎச்பியை 7.4க்கு மாற்றி 6.8. கடைசியாக பிஎச்பி 8.

இவ்வளவையும் வாத்தியாரின் தளத்தில் கை வைக்காமல், என் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்து வைத்துச் செய்தேன்.

ஏறியது எப்படி?

சொன்னால் நம்ப மாட்டீர்கள். மென்பொருள் ஏறுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோப்புகளை மாற்றி உள்நுழைந்தால், ‘தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும்’ என்று ஒரு பொத்தான் வருகிறது. அழுத்தினால் சில நொடிகளில் முடிகிறது. 2012இன் அட்டவணைகளை 2025இன் மென்பொருள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருஷப் பழையதைத் தூக்கிக்கொண்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாத மென்பொருள்கள் குறைவு. இதற்கு முழு மதிப்பெண்.

பிஎச்பி 8இல் வைத்ததும் திரை வெள்ளையானது. காரணம் வேர்ட்பிரஸ் அல்ல, 2011இல் இலவசமாக எடுத்துப் போட்ட தீம். பக்கப்பட்டைப் பெட்டிகளை உருவாக்க அது நம்பியிருந்த ஒரு கட்டளையை பிஎச்பி 8 தூக்கிவிட்டது. தீமை எழுதியவர் அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. படங்களைச் சுருக்க அதற்குள் ‘டிம்தம்ப்’ என்ற நிரல் வேறு இருந்தது. 2011 ஆகஸ்டில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு ஏராளமான தளங்கள் மாட்டிக்கொண்ட அதே நிரல். சந்தேகப்பட்டு, படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் தேடினேன். புகைப்படங்களுக்கு நடுவே இரண்டு பிஎச்பி கோப்புகள் உட்கார்ந்திருந்தன. படம் வைக்கும் இடத்தில் நிரலுக்கு என்ன வேலை? எத்தனை வருஷமாகக் குடியிருந்தார்களோ! அழித்துவிட்டு, கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினேன்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி வேர்ட்பிரஸில் 2013 அக்டோபரில், 3.7இல் வந்தது. வாத்தியார் இரண்டே படி மேலே நின்றிருந்தால் 2022 டிசம்பர் வரை, அதாவது 3.7 முதல் 4.0 வரையான பதிப்புகளுக்கு ஆதரவை நிறுத்தும் வரை, திருத்தங்கள் வீடு தேடி வந்திருக்கும்.

2019இல் வந்த 5.2இலிருந்து இன்னொரு நல்ல வசதி இருக்கிறது. ப்ளகினோ தீமோ தளத்தைக் கவிழ்த்தால், நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று போகும். போனது. வாத்தியார் கடவுச்சொல்லை மறந்து பத்து வருஷமான ஒரு முகவரிக்கு.

புள்ளி போன கதை

உண்மையான தலைவலி எழுத்தில் வந்தது. ஆங்கிலத் தளம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

முதலில் பிஎச்பிமைஅட்மின் வழியாக வழக்கம்போல் பேக்கப் எடுத்து, நகலில் ஏற்றித் திறந்தேன். தமிழைக் காணோம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அதன் பக்கத்தில் வணிகச் சின்னங்களுக்குப் போடுகிற வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அதே ‘ஏ’. பக்கம் முழுக்க இதுதான்.

காரணம் 2007இல் இருக்கிறது. தரவுத்தளத்தோடு எந்த எழுத்துக் குறியீட்டில் பேச வேண்டும் என்று சொல்லும் வரி, வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் 2.2இல்தான், 2007 மே மாதம்தான் வந்தது. வாத்தியார் தொடங்கியது அதற்கு முந்தைய 2.1இல். அப்போது மைஎஸ்கியூஎல்லின் இயல்பான குறியீடு லத்தீன்-1, வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷ், ஏனென்றால் அதை உருவாக்கிய நிறுவனம் சுவீடனில் இருந்தது. ஆக, கம்பத்துத் தமிழ் இத்தனை வருஷமும் சுவீடன் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தது! உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே வழியில் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பேக்கப் எடுக்கும்போது கருவி ‘இது லத்தீன்தானே’ என்று நம்பி, யூடிஎஃப்-8ஆக இன்னொரு முறை மாற்றிவிட்டது. ஏற்கெனவே அரைத்த மாவை மறுபடி கல்லில் போட்ட கதை.

இதைத் திருப்ப இணையத்தில் கிடைத்த ஒரு சிறு கருவியில் போட்டுப் பார்த்தேன். தமிழ் வந்தது. ‘தேனி’ சரியாக இருந்தது, ‘போடி’ சரியாக இருந்தது. ‘கம்பம்’ மட்டும் இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. ‘சுருளி’யில் உகரங்கள் போயிருந்தன.

ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்த பிறகு புரிந்தது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். விண்டோஸின் லத்தீன் அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி, அங்கே எந்த எழுத்தும் இல்லை. நம் புள்ளியின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலியிடங்களில் ஒன்றில் போய் விழுகிறது. உகரக் குறிக்கும் அதே கதி, ‘ஏ’க்கும் ‘ஐ’க்கும் அதே கதி. அட்டவணையைக் கறாராகப் பின்பற்றும் கருவி இந்த நான்கையும் வீசிவிடும். ‘தேனி’யிலும் ‘போடி’யிலும் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை, அதனால் தப்பித்தன. சோதித்துப் பார்க்கிற அவசரத்தில் ‘தேனி’யை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டிருந்தால், எழுநூறு பதிவுகளின் புள்ளிகளும் போயிருக்கும்.

சரியான வழி எளிமையானதுதான். மைஎஸ்கியூஎல் தன் லத்தீன்-1இல் அந்த ஐந்து இடங்களையும் தொலைக்காமல் வைத்துக்கொள்கிறது. எனவே கட்டளைத் திரையில், ‘லத்தீன்-1ஆகவே எடு, எதையும் மாற்றாதே’ என்று சொல்லி பேக்கப் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கோப்பில் தமிழ் முழுசாக இருக்கும். அதில் அட்டவணைகளின் குறியீட்டுப் பெயரை மட்டும் லத்தீன்-1இலிருந்து யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8இன் பெயர்) என்று மாற்றிப் புதுத் தரவுத்தளத்தில் ஏற்றினால் முடிந்தது. உள்ளே இருந்துகொண்டே மாற்றுவதென்றால், அட்டவணையின் நெடுவரிசைகளை முதலில் வெறும் பைனரியாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்தாக்க வேண்டும். நேராக ‘கன்வெர்ட்’ கட்டளை கொடுத்தால் மாவு மறுபடி கல்லுக்குப் போகும்.

தலைப்புகள் எல்லாம் சரியாக வந்தனவா என்று பார்க்க ஒரு சாட்சி கிடைத்தது. பதிவின் இணைய முகவரியை வேர்ட்பிரஸ் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாகச் சேமிக்கிறது. அதனால் தலைப்பு சிதைந்தாலும் முகவரி சிதையவில்லை. இரண்டையும் ஒப்பிட்டேன். ஆனால் இந்தச் சாட்சிக்கும் மூச்சு கொஞ்சம்தான். முகவரிக்கு 200 இடம், ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். ‘கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை’ என்று தொடங்கும் தலைப்பின் முகவரி ‘திரா’வோடு அறுந்துவிடுகிறது. எண்ணிப் பாருங்கள், கச்சிதமாக 200. அப்படித் தொடங்கும் அடுத்த பதிவுக்கு வேர்ட்பிரஸ் அதே முகவரியின் வாலைச் சுருக்கி 2 என்று சேர்த்துவிடும். தமிழில் எழுதுபவர்கள் முகவரியை மட்டும் கையால் சுருக்கமாகக் கொடுப்பது நல்லது. வேர்ட்பிரஸ் இதை இன்னும் சரிசெய்யாதது குறைதான்.

புது வீட்டில் வாத்தியார்

பழைய தீமை விட்டுவிட்டு வேர்ட்பிரஸின் இயல்பான தீம் ஒன்றைப் போட்டேன். தலைப்பின் எழுத்தளவு ஆங்கிலத்துக்கு வைத்தது. ‘பள்ளத்தாக்கிலிருந்து’ போன்ற சொல் போன் திரையை விட்டு வெளியே ஓடியது. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கி’யோடு முட்டியது. எழுத்தளவைக் குறைத்து வரி இடைவெளியைக் கூட்டிய பிறகே கண்ணுக்கு இதமானது.

2018 டிசம்பரில் 5.0இல் வந்த பிளாக் எடிட்டரை வாத்தியாருக்குக் காட்டினேன். ஒவ்வொரு பத்தியும் தனித்தனிப் பெட்டி. பத்து நிமிஷம் பார்த்தார்.

“பழைய வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு உப்பு எங்க இருக்குனு சொல்லுவேன் தம்பி. இங்க அடுப்பே எங்கனு தெரியல.”

‘கிளாசிக் எடிட்டர்’ ப்ளகினைப் போட்டுக் கொடுத்தேன். அடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. இளையவர்களுக்குப் பிளாக் எடிட்டர் பழகிவிடும். பல வருஷப் பழக்கம் உள்ளவர்களை அதற்குள் தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

தீர்ப்பு

நிறை: எவ்வளவு பழைய தரவையும் ஏற்றுக்கொள்கிறது. ப்ளகின் புதுப்பிப்பு தோற்றால் பழையதற்கே திரும்பும் வசதி 6.3இலிருந்து இருக்கிறது. இலவசம்.

குறை: தமிழ் முகவரி அறுந்துபோவது. தீம்கள் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. குறியீட்டுச் சிக்கலை எங்கேயும் எச்சரிப்பதில்லை. எல்லாம் சரி என்றே காட்டுகிறது.

யார் ஏற்ற வேண்டும்? இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள். எழுதுவதை நிறுத்திவிட்டவர்கள், தளத்தை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி வைத்துவிடலாம். அதற்குப் புதுப்பிப்பும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்.

ரயில் பாதையை அகலமாக்க ரயிலை நிறுத்தித்தான் ஆக வேண்டும். தேனி அதற்காகப் பதினோரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. இணையதளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதுப் பாதையைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம். ஹோஸ்டிங்காரர் கெடு வைக்கும் வரை காத்திருந்தால் அந்த வசதி போய்விடும்.

உங்கள் தளம் பழையதென்றால் இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். டாஷ்போர்டின் கீழ்மூலையில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். நிர்வாகி மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் எடுத்து, அதைத் திறந்து, ‘கம்பம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இரண்டு புள்ளியும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.