பிறப்பின் எல்லை: தல்மூதின் ஓர் அதிகாரம் பற்றிய நோக்கு

யூதர்தம் தல்மூதைச் சொற்சிலம்பம் என ஒதுக்குவோர் உளர். அதன் ஓர் அதிகாரத்தையேனும் நுணுகி நோக்குவார்க்கு இம்முடிபு பொருந்தாமை புலனாகும்.

கி.பி. 200 அளவில் றபி யூதா தொகுத்த மிஷ்னாவில், உணவுக்காக விலங்கறுத்தலைக் கூறும் பகுதி 'ஹுல்லின்' எனப்படும். அதன் 4ஆம் அதிகாரம் ஈனமாட்டாது இடர்ப்படும் விலங்கொன்றோடு தொடங்குகின்றது. கருவிலுள்ள கன்று முன்காலை வெளியே நீட்டி மீள உள்ளிழுத்தபின் தாய் அறுக்கப்படின், தாயின் அறுப்பே கன்றுக்கும் போதும், அதனை உண்ணலாம். தலையை நீட்டியிருப்பின், உள்ளிழுத்தாலும் அது பிறந்ததேயாம். தலையீற்றுக் கன்றையோ உறுப்புறுப்பாக வெட்டியெடுத்து நாய்களுக்கு இடலாம். பெரும்பகுதி வெளிவந்துவிடின் புதைத்தல் வேண்டும். ஈற்று என்பது தொடர்ந்து நிகழ்வது. அதில் ஒரு கோட்டை வரைவது சட்டமே. கன்று தாயின் உறுப்பா, தனியுயிரா என்பதே இவ்விதிகள் அனைத்தின் அடியிலுமுள்ள வினா.

அவ்வினா 'ஒன்பதாம் மாதக் கன்று' பற்றிய விவாதத்தில் உச்சம் பெறுகின்றது. அறுத்த தாயின் வயிற்றில் உயிரோடு காணப்பட்ட அக்கன்றைத் தனியே அறுத்தல் வேண்டும் என்பர் றபி மேயிர். தாயின் அறுப்பே போதும் என்பர் ஏனைய அறிஞர். அது ஐந்து வயதாகி வயலில் உழுதாலும் அவ்வறுப்பே போதும் என்பர் றபி சிமியோன் செசூரி. தருக்கம் இங்கு தன் எல்லையைத் தொடுகின்றது. தல்மூதோ, கன்று நிலத்தில் கால் ஊன்றியபின் அறுத்தே உண்ணவேண்டும் என வரையறுக்கின்றது. காண்போர் தவறாக எண்ணுவர் என்பதே காரணம். தருக்கம் மனிதர் பார்வைக்கு வழிவிடும் இடம் இது.

தீட்டுப் பற்றிய விதி இன்னும் கூர்மையானது. வயிற்றினுள் இறந்த கன்றைத் தொட்ட இடையனுக்குத் தீட்டில்லை. பெண்ணின் வயிற்றில் இறந்த சிசுவைத் தொட்ட மருத்துவிச்சிக்கோ ஏழுநாள் தீட்டு. சிசு வெளிவரும்வரை தாய்க்குத் தீட்டில்லை. ஏன் இவ்வேறுபாடு? சிசுவின் தலை வெளிப்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயத்தால் இவ்விதி எழுந்தது என்கின்றது தல்மூது. தாய் அதனைத் தானே உணர்வாள். எனின், மருத்துவிச்சியிடம் அவள் கூறலாகாதோ? வேதனையில் மூழ்கியவள் கூறமாட்டாள் என்பதே விடை.

சட்ட நூலொன்றில் வேதனையும் ஒரு நியாயமாக இடம்பெறுதல் போற்றத்தக்கது. எனினும் அவ்வேதனையை உரைப்போர் ஆடவரே. ஐயத்தின் சுமை மருத்துவிச்சிமேலேயே விழுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே நேரிய வாசிப்பாகும். தோற்ற கருத்தையும் கூறியவர் பெயரோடு காத்துவைத்த இந்நூல், தன்னை மறுத்து வாசிக்கும் முறையையும் தானே கற்பிக்கின்றது.